கல்யாணம் ஆகல

ஆபத்து என்று தெரிந்ததும் சிலர் ஓடுவார்கள், சிலர் உறைந்து நிற்பார்கள். நான் செருப்பைத் தேடுவேன். பிறவி வியாதி. வீட்டில் காஸ் கசிந்த அன்று, "மொதல்ல நீங்க வெளிய வாங்க, செருப்பு பின்னால வரும்" என்று என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது குணமாகவில்லை. நெருக்கடியில் நிதானமாக முடிவெடுப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்தவன் இந்தத் தொழிலிலேயே கிடையாது. அப்படியும் கம்பெனியின் பாதுகாப்பு மலருக்கு என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தைரியசாலிகள் பேனா பிடிப்பதில்லை போலிருக்கிறது.

நான் சொல்லப்போவது 1991ஆம் வருடம் ஆடி மாதம் நடந்தது. அப்போது எனக்கு டிப்ளமா வாங்கிய திமிர் இன்னும் தீரவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷனில் போட்டுவைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குப் போவேன். அதுதான் எங்கள் தொழிற்சாலை. கூரை கிடையாது. எங்கள் வேலைக்குக் கூரை போட்டால் ஒருநாள்தான் இருக்கும்.

ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத இரண்டு உலோகங்களை வெடிவைத்து ஒட்டுவது எங்கள் வேலை. டைட்டானியத்தை இரும்போடு உருக்கிச் சேர்த்தால் சேர்ந்த இடம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் உருக்காமல் அறைந்தே ஒட்டுவோம். மணல் படுக்கையில் தடித்த எஃகுத் தகடு. அதன்மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு மெல்லிய டைட்டானியத் தகடு. அதற்கும் மேலே கோலமாவு பரப்பியதுபோல வெடிமருந்து. ஓரத்தில் மருந்தைத் தூண்டிவிடும் சின்னக் குழாய், அதுதான் கேப்பு, கேப்பில் திரி. வெடி ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓட, மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் அறைந்து விழும். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்கப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. "கோர்ட்டுக்குப் போனாலும் இதுங்களுக்கு டைவர்ஸ் கெடைக்காது சார்" என்பார் கன்னியப்பன்.

கன்னியப்பன் எங்கள் கொடிக்காரர். பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், வாய்க்குப் பூட்டில்லாதவர். குவாரியின் அந்தக் கோடியில், வண்டிப்பாதை உள்ளே நுழைகிற இடத்தில் சிவப்புக் கொடியோடு நின்று, ஆளும் மாடும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இந்தக் கோடியில் கருங்கல் சுவர் வைத்த ஷெல்டர். அதில் நானும், திரி கொளுத்துபவரும் இருப்போம். வெடிவைக்கும் லைசென்ஸ் அவர் பேரில் இருந்ததால் எல்லோரும் அவரை 'லைசென்ஸ்' என்றே கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஃபாதரும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்வி. ஷெல்டருக்கும் கன்னியப்பனுக்கும் நடுவில் குழி ஒரு வளைவு வளைந்திருக்கும். அவர் நிற்குமிடம் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. நாங்களும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டோம்.

அந்த மே மாதம் வரைக்கும் அது ஒரு பிரச்சினையாக இல்லை. வெடிக்கவைப்பதற்கு முன்னால் லைசென்ஸ் ஷெல்டர் வாசலில் நின்று, "வெடி! வெடி! வெடி!" என்று மூன்று முறை கத்துவார். அந்தக் குரலுக்கு அடுத்த ஊர் நாய் குரைக்கும். வெடித்து முடிந்து, அவர் போய்ப் பார்த்து வந்த பிறகு "வெடிச்சாச்சு" என்று இன்னொரு கத்தல். அதைக் கேட்டபிறகுதான் கன்னியப்பன் கொடியை இறக்குவார்.

அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததையும், யார் செத்தார் என்பதையும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் தாலுகாவில் பட்டாசுக் கடைக்காரர்கூடத் தன்னை மளிகைக்காரர் என்று சொல்லிக்கொண்டார். எங்களிடம் உரிமம், முத்திரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் யாராவது சத்தம் கேட்டுப் போய்ச் சொல்ல, போலீஸ் ஜீப் வர, எல்லோரும் வரிசையில் நிற்க, இதே பிழைப்பாகிவிட்டது. சுற்றியிருந்த குவாரிகளை மூடிவைத்தார்கள். எங்களுக்கு மின்சாரத்தில் வெடிக்கிற கேப்பு வருவது நின்றுபோக, திரி வைத்துக் கொளுத்தும் பழைய முறைக்குத் திரும்பினோம். ஒருநாள் மேனேஜர் குழிக்கு மேலே இருந்த தன் ஆபீஸ் அறைக்கு எங்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"இனிமே அந்த வார்த்தை இந்தக் காம்பவுண்டுல கேக்கக் கூடாது."

"எந்த வார்த்தை சார்?" என்றார் லைசென்ஸ், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

"அதான்யா. நீ கத்துவியே."

"மூணு தடவை கத்துறதா?"

"அதேதான்."

"சொல்லுங்க சார், எதுன்னு தெரிஞ்சாத்தானே நிறுத்த முடியும்."

மேனேஜர் கடைசிவரை சொல்லவில்லை. கெட்டவர் இல்லை, அவரும் என்னைப்போலப் பயந்தவர், நாற்காலி மட்டும் உயரம்.

கத்தல் நின்றது. காலியிடத்தில் வேறொரு சொல் தானாக வந்து உட்கார்ந்தது: கல்யாணம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எஃகு மாப்பிள்ளை, டைட்டானியம் பொண்ணு. "இன்னிக்கு எத்தினி கல்யாணம்?" "பெரிய எடத்துக் கல்யாணம், மருந்து நெறைய." கன்னியப்பன் ஒருபடி மேலே போய், மஞ்சள் அரிசியைத் துணியில் முடிந்து இடுப்பில் வைத்துக்கொள்வார். வெடித்ததும் குழிக்குள் இறங்கிவந்து, சூடு ஆறாத தகட்டின்மேல் அட்சதை போடுவார். "ஆடி மாசத்துலயும் வுடாம கல்யாணம் பண்றோம் சார், சாமி குத்தம் ஆவப்போவுது" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

சிரித்துக்கொண்டே ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம். முன்னால் 'வெடிச்சாச்சு' என்ற மனிதக் குரலுக்குக் கொடியை இறக்கியவர், இப்போது வெடிச் சத்தத்துக்கே இறக்கினார். வேறு எதைக் கேட்டு இறக்குவார்? அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் போடாத உத்தரவுகளை எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றுவார்கள் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உச்சிப்பொழுது, ஆடிக்காற்று. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. மருந்து நனைந்தால் குப்பைதான் என்பதால் அவசரம். லைசென்ஸ் திரியைக் கொளுத்திவிட்டு, நடந்தே வந்து ஷெல்டரில் உட்கார்ந்தார். கொளுத்தியவன் ஓடக்கூடாது, ஓடினால் விழுவான். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு, காதைப் பொத்தி, கண்ணையும் மூடிக்கொண்டேன். கண்ணை எதற்கு மூடுவேன் என்று கேட்காதீர்கள்.

டம்மென்று சத்தம்.

"ஆயிடுச்சு" என்றேன்.

லைசென்ஸ் சுவரில் இருந்த துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா ஆயிடுச்சு? வந்து பாருங்க."

பார்த்தேன். தகடு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மருந்தை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடத்தது.

"அப்போ சத்தம்?"

"குன்றுக்கு அந்தாண்ட. மூடிவெச்ச குவாரிய இன்னிக்குத் தொறந்துட்டானுங்க போல கீது. மழை வருதுன்னு மத்தியானமே வெச்சுட்டான்."

"நம்மளுது?"

"திரி தூங்குது. தூங்குற திரி எப்ப முழிக்கும்னு மாதாவுக்கே தெரியாது. அரை மணி நேரம் எவனும் தலைய நீட்டக் கூடாது."

அது பழைய விதி, சரியான விதி. திரி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்துப் போய்ப் பார்த்தவர்கள் கதை எல்லாக் குவாரியிலும் உண்டு. நான் மறுபடி காதைப் பொத்தப் போனேன். லைசென்ஸ் துளையிலிருந்து முகத்தை எடுக்காமல், "ஐயோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

வளைவைத் தாண்டிக் கன்னியப்பன் இறங்கிவந்துகொண்டிருந்தார். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். ஒரு கை இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான், என் அருமை நண்பர்களே, நான் செருப்பைத் தேடினேன். ஒரு மனிதர் சாவை நோக்கி அட்சதையோடு வருகிறார். நான் தரையைத் தடவிக்கொண்டிருக்கிறேன். ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு வாசலுக்குப் போய், தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன்? இத்தனை வாரமாக நாக்கு பழகியிருந்ததைத்தான்.

"கல்யாணம் ஆகல! கன்னியப்பா, கல்யாணம் இன்னும் ஆகல!"

தமிழில் 'இல்லை' எப்போதும் வாக்கியத்தின் வாலில் இருக்கும். ஆடிக்காற்று முதலில் தின்பது வாலைத்தான். அவர் காதுக்குக் 'கல்யாணம்' போயிருக்கும், 'ஆ' போயிருக்கும். கையைத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் பல்.

"கேட்டுச்சு சார்! ஆயிடுச்சு! தோ வரேன், அட்சத போட்டுட்டா முடிஞ்சுது!"

"ஆகல! ஆகல!"

"ஆச்சு சார், ஆச்சு! இன்னா இன்னிக்கு இவ்ளோ குஷி!"

கத்தக் கத்த அவர் நடையை எட்டிப் போட்டார். நான் கூப்பிடுகிறேன் என்றே நினைத்தார். குழிக்குள் ஓடிப்போய் இழுத்துவரலாம் என்று ஒரு காலை வெளியே வைத்தேன். லைசென்ஸ் என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். "ஒருத்தன் போதும்" என்றார். பிறகு வாசலில் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மேனேஜர் மூடச்சொன்ன வாயைத் திறந்தார்.

"வெடி! வெடி! வெடி!"

கன்னியப்பனின் மூளைக்கு அது போனதா என்று எனக்குத் தெரியாது. காலுக்குப் போனது. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே உடம்பு திரும்பியது. குழியின் கல் ஓரத்தில் கிடந்த மணல்மேட்டுக்குப் பின்னால் குப்புற விழுந்தார். விழுந்து, கையைத் தலைமேல் வைத்தார். அதற்கப்புறம் எங்கள் காலடி தரை தூக்கிப்போட்டது.

புழுதி அடங்கியதும் அவர் எழுந்து நின்றார். நான் அழுதேவிட்டேன். ஒரு கீறல் இல்லை. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, காதைக் குடைந்துகொண்டு, எங்களைப் பார்த்து நடந்துவந்தார். காதிலிருந்து மெல்லிய ரத்தக்கோடு. "காது அடைச்சுக்கினு கீது சார். சத்தமாப் பேசுங்க" என்று அவர்தான் சத்தமாகப் பேசினார். மேனேஜர் ஓடிவந்தார். நாற்காலி போட்டோம், சோடா வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்குத் தகடு ஒட்டியிருந்தது. ஓரம் முழுக்க, குறையே இல்லாமல். அதையும் யாரோ போய்ப் பார்த்துவந்து சொன்னார்கள். நான் ஜோக் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு அவர் இருமினார். உதட்டில் இளஞ்சிவப்பாக நுரை. "மூச்சு கொஞ்சம் இஸ்துக்கினு கீது" என்றார். பிறகு பேசவில்லை. பேச்சை நிறுத்தாத மனிதர் பேச்சை நிறுத்தினால், அதைவிடப் பெரிய அபாய மணி கிடையாது.

டெம்போவில் ஏற்றினோம். மேனேஜர் என் காதருகே வந்து, "பள்ளத்துல விழுந்துட்டார்னு சொல்லு. வேற எதுவும் வாயத் தொறக்காதே. எல்லாரும் உள்ள போயிடுவோம்" என்றார். சரி என்றேன். மனதாரத்தான் சரி என்றேன்.

வழியில் செக்போஸ்ட். கான்ஸ்டபிள் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா ஆச்சு?"

"பள்ளத்துல விழுந்துட்டாருங்க" என்றேன்.

கையைக் காட்டி அனுப்பிவிட்டார். அந்தப் பொய்க்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால், கன்னியப்பன் அந்த டெம்போவிலேயே விசாரணை முடியும்வரை படுத்திருந்திருப்பார். ஆனால் பொய் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியானதும், அதையே மறுபடி சொல்லலாம் என்று நாக்குக்கு ஆசை வந்துவிட்டது. அதுதான் அபாயம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு சந்தை மாதிரி இருந்தது. பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். "என்ன ஆச்சு?"

"பள்ளத்துல விழுந்துட்டாரு, மேடம்."

அவர் காலை அழுத்தினார், இடுப்பை அழுத்தினார், முதுகைத் தடவினார். எங்கேயும் எலும்பு முறிவில்லை. நெற்றி சுருங்கியது. "எவ்ளோ ஒயரம்? எந்தப் பக்கமா விழுந்தாரு?"

லைசென்ஸ் என்னைப் பார்த்தார். கன்னியப்பன் யாரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்து மூச்சை எண்ணுவதுபோல் வாங்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார், தேடும் இடத்தை நான்தான் காட்டிவிட்டேன் என்பது அந்த நிமிடம் உறைத்தது. போலீஸுக்கு வேண்டியது குற்றவாளி. டாக்டருக்கு வேண்டியது காரணம். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லக்கூடாது. இதைத் தத்துவமாக அப்போது யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். அப்போது யோசித்ததெல்லாம் மேனேஜர், லாக்கப், என் அம்மா.

"வெடி மேடம்" என்றேன். "வெடி வெடிச்சுது. இவரு பக்கத்துல இருந்தாரு."

தேன்கூட்டில் கல் விழுந்ததுபோல் இருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கைப்பிடியை விட்டுவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் போனார்கள். யாரோ போலீஸைக் கூப்பிட ஓடினார்கள். அந்த நெரிசலில் எங்களைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய வெற்றிடம். அதற்குள் நகராமல் நின்றது டாக்டரம்மா ஒருவர்தான். அவர் காலை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார். அவர் முகம் மாறியது.

"திறந்த வெளியா, அறையா?"

"குவாரிக் குழி."

"பின்னால சுவர் இருந்துச்சா?"

"கல்லு மேடம், செங்குத்தா" என்றார் லைசென்ஸ்.

"வெடிக்காத்து சுவர்ல மோதித் திரும்பியிருக்கு, அடி ரெண்டு பக்கமிருந்தும் வாங்கியிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆக்ஸிஜன் கேட்டுக் கத்தினார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து என் தோளில் கை வைத்தார்கள். "இவர் இங்கதான் நிப்பாரு. நான் கேக்குறதுக்கு யார் பதில் சொல்றது, நீங்களா?" என்று டாக்டரம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். தோளில் இருந்த கை எடுக்கப்படவில்லை. ஆனால் இழுக்கவும் இல்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் இல்லாமல் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

பொழுது சாய்வதற்குள் கன்னியப்பன் இறந்துவிட்டார்.

"சொன்னது நல்லது" என்றார் டாக்டரம்மா. "சொல்லலைன்னா இன்னும் எலும்பையே தேடிக்கிட்டு இருந்திருப்பேன். ஆனா நுரையீரல் முழுக்கக் கிழிஞ்சிருந்தது. விபத்து இந்த வாசல்லயே நடந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது."

ஆகவே, உண்மை சொன்னால் உயிர் பிழைக்கும் என்று உங்களுக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பிழைக்கவில்லை. சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நீங்கள் இப்போது கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு விபத்தை 'சம்பவம்' என்கிறீர்கள், கசிவை 'விலகல்' என்கிறீர்கள். காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பாதகமில்லை. ஆனால் எதிரே நடந்துவரும் ஒருவரைத் தடுக்க உங்களிடம் என்ன சொல் இருக்கிறது என்று ஒருமுறை வாய்விட்டுக் கத்திப் பாருங்கள். 'திறக்காதே' என்று கத்தாதீர்கள். இயந்திர இரைச்சலில் 'திற' மட்டும்தான் போய்ச் சேரும். 'நில்' என்று கத்துங்கள். 'தொடாதே' வேண்டாம், 'கையை எடு' என்று கத்துங்கள். நடுங்கும் நாக்குக்கும் தூரத்துக் காதுக்கும் நடுவில் பிழைத்துப் போகிற மாதிரி ஒரு சொல்லை, பயம் வருவதற்கு முன்னாலேயே பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பயம் வந்தபிறகு பொறுக்கினால் கையில் கிடைப்பது என்ன என்பதற்கு நானே சாட்சி.

போலீஸார் என்னை ஜீப்பில் ஏற்றுவதற்கு முன்னால் கன்னியப்பனின் மனைவி வந்துசேர்ந்தார். யாரோ சைக்கிளில் வைத்து அழைத்துவந்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கத்தி அழுவார் என்று பயந்து ஒதுங்கி நின்றேன். அழவில்லை. படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"ரெண்டு சத்தம் கேட்டுச்சு" என்றார். "அதுல எது சார் உங்குளுது?"

"ரெண்டாவதும்மா."

தலைப்பை மடியில் விரித்து மடித்தார்.

"நீங்க வெடி வெக்கிற நேரத்துக்குப் பானையெல்லாம் எறக்கிக் கீழ வெச்சிடுவேன் சார், வூடு அதிரும்னுட்டு. சத்தம் கேட்டப்பறம் மேல எடுத்து அடுக்கிடுவேன். அது வேலைய முடிச்சிட்டு வந்துடும்னு அர்த்தம்."

கான்ஸ்டபிள் என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"மொத சத்தத்துக்கே அடுக்கிட்டேன் சார்" என்றார் அந்த அம்மா.